முகில் கலம் பிறந்த மலை

இயற்பியலைப் பட்டப்படிப்பாக எடுத்துக்கொண்ட மாணவர் எவருக்கும் வில்சன் முகில் கலத்தின் படம் நினைவிருக்கும். ஒரு கண்ணாடி உருளை, அடியில் ஒரு பிஸ்டன், பக்கவாட்டில் ஒரு விளக்கு, மேலே ஒரு காமிரா. படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, "சி. டி. ஆர். வில்சன், 1911" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். ஒரு மலை உச்சியில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஓர் இளைஞரின் ஆசையில்தான் அந்தக் கலம் பிறந்தது என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. ஆகவே, வாசக நண்பர்களே, அந்த மலைக்கே ஒரு நாள் போய் வருவோம். மூச்சு வாங்காது. ஒரு வரைபடமும் சற்றுக் கற்பனையும் இருந்தால் போதும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கடல் உள்நாட்டுக்குள் நெடுந்தொலைவு புகுந்து கிடக்கும் ஓர் இடத்தில் போர்ட் வில்லியம் என்ற சிற்றூர் உள்ளது. (கல்கத்தாவிலுள்ள கோட்டைக்கும் இதே பெயர். இரண்டும் மூன்றாம் வில்லியம் என்ற ஒரே மன்னனின் பெயரைத் தாங்கியவை.) ஊரை ஒட்டி எழுந்து நிற்பது பென் நெவிஸ் மலை. பிரிட்டனிலேயே உயரமானது இதுதான். உயரம் 1345 மீட்டர். நெடுங்காலம் வரைபடங்களில் 1344 என்றுதான் அச்சிட்டு வந்தார்கள். 2016 ஆம் ஆண்டில் மறுபடி அளந்தபோது சில சென்டிமீட்டர் வேறுபாடு தெரிந்தது. அந்தச் சில சென்டிமீட்டர் பின்னத்தை அரைக்கு மேலே தள்ளிவிட்டதால் முழு எண் ஒன்று கூடிவிட்டது. தசமங்களை முழுமையாக்குவதில் அலட்சியம் காட்டும் என் மாணவர்களுக்கு இந்த மலையைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம்.

"1345 மீட்டர்தானா! நம் ஏற்காடே இதைவிட உயரமாயிற்றே!" என்று நீங்கள் நகைக்கக்கூடும். அவசரப்பட வேண்டாம். இந்த மலை கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்தே எழும்புகிறது. முழு உயரத்தையும் காலால்தான் ஏறவேண்டும். மேலும், இது வடக்கே ஏறத்தாழ 57 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. போர்ட் வில்லியம் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எட்டு டிகிரி சென்டிகிரேடை ஒட்டியது. ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது நீங்கள் அறிந்ததே. பெருக்கிக் கழித்துப் பாருங்கள். உச்சியின் ஆண்டுச் சராசரி உறைநிலைக்குச் சற்றுக் கீழே வரும். அங்கே உண்மையில் அளந்து கண்ட விடையும் அதுவே. எப்படி அளந்தார்கள், யார் அளந்தார்கள் என்பதுதான் நம் கதையின் முற்பகுதி.

ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த மலையில் ஏறுகிறார்கள். பெரும்பாலோர் ஏறுவது மேற்குப் பக்கத்துக் குதிரைப் பாதை வழியாக. துணிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வடகிழக்கே உள்ள கார்ன் மோர் டியர்க் என்ற சிகரத்தில் முதலில் ஏறி, அங்கிருந்து வில்லாக வளைந்து செல்லும் ஒரு குறுகலான முகட்டின் மேல் நடந்து, பென் நெவிஸ் உச்சியை அடைந்து, குதிரைப் பாதையில் இறங்குவார்கள். ஏறத்தாழ பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். பத்து மணி நேரம் பிடிக்கும். நாமோ இதைத் தலைகீழாக நடக்கப் போகிறோம். மலையேறுவோர் இதை மெச்ச மாட்டார்கள். ஆனால் வரலாறு அந்த வரிசையில்தான் நிகழ்ந்திருக்கிறது.

விடியலில் ஒரு மனிதர்

குதிரைப் பாதையின் அடியில் நிற்கிறோம். இப்பாதை 1883 இல் போடப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பு இங்கே பாதையே கிடையாது, சேறும் கற்களும்தான். அந்தச் சேற்றில் 1881 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை நாள்தோறும் ஒருவர் ஏறி இறங்கினார். அவர் பெயர் கிளெமென்ட் ராக்.

அக்காலத்தில் வானிலை அறிஞர்களுக்கு ஒரு குறை இருந்தது. தரைமட்டத்துக் காற்றை அளக்கக் கருவிகள் இருந்தன. மேலே உள்ள காற்று எவ்வாறு இருக்கிறது என்று அறிய வழியில்லை. விமானம் இல்லை. கருவிகளைச் சுமந்து செல்லும் பலூன்களும் வழக்கத்துக்கு வரவில்லை. எனவே உயரமான மலையுச்சியில் நிலையமொன்று வேண்டும் என்று ஸ்காட்லாந்து வானிலைக் கழகத்தார் விரும்பினார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர். வெப்பமானிகளை வெயில் படாமல் வைக்கும் வெள்ளைச் சட்டப்பெட்டி இன்றும் எல்லா வானிலை நிலையங்களிலும் இருக்கிறதே, அது இவர் வடிவமைத்தது. "புதையல் தீவு" எழுதிய நாவலாசிரியரின் தந்தையும் இவரே. ஆனால் நிலையம் கட்டப் பணமில்லை. நாள்தோறும் நானே ஏறி அளந்து வருகிறேன் என்று முன்வந்தார் ராக்.

விடியற்காலை ஐந்து மணிக்குள் புறப்படுவார். வழியில் குறித்த இடங்களில் குறித்த மணிக்கு நின்று அளவுகளை எடுப்பார். ஒன்பது மணிக்கு உச்சியில் இருப்பார். அதே நேரங்களில், கீழே கடல் மட்டத்தில், அவருடைய மனைவி அதே அளவுகளை எடுத்துக்கொண்டிருப்பார். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உச்சியின் காற்றழுத்தத்தை மட்டும் அறிந்து பயனில்லை. அதே கணத்தில் அடிவாரத்தில் என்ன அழுத்தம் என்று தெரிந்தால்தான் இடையிலுள்ள காற்றுத் தூணைப் பற்றி ஏதேனும் கூற முடியும். நூல்களில் கணவர் பெயர் பெரிதாகவும் மனைவியின் பங்கு ஒரு வரியாகவும் வருவதைப் பார்க்கிறோம். அளவையின் கணக்கில் இரண்டும் சரிபாதி.

மறு ஆண்டும் இப்பணி தொடர்ந்தது. கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ராக்கின் உழைப்பைக் கண்டு பொதுமக்கள் நன்கொடை தந்தார்கள். சுமார் நாலாயிரம் பவுன் சேர்ந்தது. பாதை போடப்பட்டது, கட்டடம் எழுந்தது. 1883 அக்டோபர் 17 ஆம் நாள் நிலையம் திறக்கப்பட்டது. கண்காணிப்பாளர் பதவிக்கு ராக் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கே குயின்ஸ்லாந்தின் வானிலைத் துறைக்குத் தலைவரானார். புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். இன்று வங்கக் கடலில் ஒரு புயல் உருவாகி, அதற்குப் பெயர் என்ன என்று நாம் வானொலியில் கேட்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று அவரிடம் போய்ச் சேருகிறது.

உச்சியில் இருபத்தொரு ஆண்டுகள்

பாதி வழியில் ஒரு சிறு ஏரி வருகிறது. அதைத் தாண்டினால் பாதை வளைந்து வளைந்து கற்குவியல்களின் ஊடே ஏறுகிறது. நான்கு மணி நேரத்தில் உச்சி. உச்சி என்றால் கூர்முனை அல்ல, அகன்ற கல்வெளி. அதன் வடக்கு விளிம்பு அறுநூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக வெட்டுண்டு நிற்கிறது. மூடுபனியில் விளிம்பு எங்கே என்று தெரியாமல் உயிரிழந்தவர்கள் உண்டு. வெளியின் நடுவே இடிந்த கற்சுவர்கள் தெரிகின்றன அல்லவா? அவைதான் நிலையத்தின் மிச்சம்.

இங்கே மூன்று நான்கு பேர் ஆண்டு முழுவதும் குடியிருந்தார்கள். மணிக்கு ஒரு முறை, இரவிலும் பகலிலும், ஒருவர் வெளியே போய் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மழை, மேகம் யாவற்றையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். தானே பதியும் கருவிகளை வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்தால் சில மணி நேரத்தில் பனி மூடிவிடும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் மேகத்துளிகள், எதையேனும் தொட்ட கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இந்த வெண்பனி காற்று வரும் திசையை நோக்கியே வளரும். கம்பியெல்லாம் கட்டையாகிவிடும், சுழல வேண்டிய கருவி நின்றுவிடும். ஆகவே மனிதக் கண்ணைத் தவிர வேறு கருவி அங்கே நம்பத்தக்கதாக இல்லை. குளிர்காலத்தில் கதவை மூடிப் பனி ஆளுயரத்துக்கு மேல் குவிந்துவிடும் என்பதால் கட்டடத்தின்மேல் ஒரு கோபுரம் எழுப்பி அதன் வழியே வெளியேறினார்கள். புயல் நாட்களில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய்வந்ததும் உண்டு.

ஆண்டு மழையளவு சுமார் 4,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பெரும்பாலான நாட்கள் உச்சி மேகத்துக்குள்ளேயே கிடக்கும். ஆனால் சில நாட்களில் ஒரு விந்தை நிகழும். காற்றழுத்தம் மிகுந்து வானம் அமைதியாக இருக்கும்போது, குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளில் தேங்கிவிடும். அப்போது அடிவாரத்தைவிட உச்சி வெதுவெதுப்பாக இருக்கும்! மேகம் காலுக்குக் கீழே கடல்போல் பரந்து கிடக்க, மலையுச்சிகள் மட்டும் தீவுகளாகத் தலைநீட்டும். வெப்பநிலை தலைகீழாகும் இந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து அளந்து காட்டியது இந்த நிலையத்தின் சாதனைகளுள் ஒன்று. அப்படிப்பட்ட நாட்களைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. வடக்கு விளிம்பில் உள்ள ஒரு பிளவுக்கு "கார்டிலூ" என்று பெயர். எடின்பரோ நகரத்தில் முற்காலத்தில் மாடி வீட்டார் கழிவுநீரைத் தெருவில் கொட்டுமுன் எழுப்பிய எச்சரிக்கைக் குரல் அது. நிலையத்தார் தங்கள் குப்பையை அப்பிளவில்தான் கொட்டினார்கள். விஞ்ஞான வரலாற்றில் குப்பைக்கும் ஓர் இடம் உண்டு போலும்!

1904 அக்டோபரில் நிலையம் மூடப்பட்டது. பணம் போதவில்லை, அரசு கொடுக்க முன்வந்த தொகை செலவில் ஒரு பகுதிக்குக்கூடக் காணாது. பட்டங்களும் பலூன்களும் கருவிகளை மலையைவிட உயரத்துக்குத் தூக்கிச் செல்லத் தொடங்கிவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். இருபத்தொரு ஆண்டுக் குறிப்புகள் பெரிய அச்சு நூல்களில் உறங்கின. 2017 ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அந்தப் பக்கங்களைப் பார்த்து எண்களைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். ஏறத்தாழ பதினைந்து லட்சம் அளவுகள். பழைய புயல்களை மறுபடி கணித்துப் பார்க்க இன்று அவை பயன்படுகின்றன. விடிய விடியக் குளிரில் நின்று எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

நிழலைச் சுற்றி ஒரு வளையம்

நிலையத்தில் நிரந்தரமாக இருந்தவர்களுக்கு ஓய்வு தேவை. அதனால் கோடைக்காலத்தில் தற்காலிக நோக்கர்கள் வருவார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், இயற்பியல் படித்தவர்கள். 1894 செப்டம்பரில் அவ்வாறு இரண்டு வாரம் தங்க வந்தவர் சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன். அப்போது அவருக்கு வயது 25. எடின்பரோவுக்கு அருகில் ஓர் ஆட்டுப்பண்ணையில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்து, மான்செஸ்டரில் வளர்ந்தவர். மருத்துவராக வேண்டும் என்று தொடங்கி, கேம்பிரிட்ஜில் உதவித்தொகை பெற்று, இயற்பியலுக்கு மாறியவர். சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். நிலையான வேலை ஏதும் இன்னும் அமையவில்லை.

அந்த இரு வாரங்களில் அவர் கண்டது என்ன? சூரியன் பின்னால் தாழ இருக்கிறது. முன்னே, பள்ளத்தில், மூடுபனி. அதன்மேல் மலையுச்சியின் நிழல், அதில் தம் நிழல். அந்த நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள்! உட்புறம் நீலம், வெளிப்புறம் சிவப்பு. ஒன்றைச் சுற்றி ஒன்றாக இரண்டு, சில சமயம் மூன்று. இதை ஆங்கிலத்தில் "குளோரி" என்பார்கள். நாம் நிழல்முடி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நண்பர் ஒருவர் நின்றால் அவருடைய நிழலும் தெரியும், ஆனால் வளையம் உங்கள் தலைக்கு மட்டுமே இருக்கும். அவரைக் கேட்டால் தம் தலைக்குத்தான் வளையம் என்பார். இருவரும் சொல்வது மெய்யே. சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், உங்கள் கண்ணை மையமாகக் கொண்டே அவ்வொளி திரும்பி வருகிறது.

மேகத்தின் மெல்லிய விளிம்பு சூரியனை மறைத்துச் செல்லும்போது சூரியனைச் சுற்றியும் இதேபோன்ற சிறு வளையங்களை வில்சன் கண்டார். இங்கே ஓர் எச்சரிக்கை. "நிலா கோட்டை கட்டியிருக்கிறது" என்று நம் கிராமத்தார் சொல்லும் பெரிய வட்டம் வேறு. அது மிக உயரத்திலுள்ள பனிப்படிகங்களில் ஒளி விலகல் அடைவதால் வருவது. வில்சன் கண்டவையோ நுண்ணிய நீர்த்துளிகளால் வருபவை. சூரியனைச் சுற்றிய வளையம் ஒளியின் விளிம்பு விளைவால் தோன்றுகிறது. நிழல்முடியின் காரணம் அத்தனை எளிதன்று. 1908 இல் மீ என்பவர் வகுத்த சமன்பாடுகள் வளையத்தின் அளவைச் சரியாகத் தந்துவிடும். ஆனால் துளிக்குள் ஒளி எவ்வழியே சென்று திரும்புகிறது என்ற கேள்வி அதற்குப் பின்னும் நூற்றாண்டுக் காலம் அறிஞர்களை வாட்டியது. துளி சிறிதானால் வளையம் பெரிதாகும் என்ற ஒன்றை மட்டும் இங்கே நாம் மனத்தில் கொண்டால் போதும். ஒரு வளையத்தின் அளவைப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாத துளியின் அளவைச் சொல்லிவிடலாம்!

இதைப் பார்க்க மலை ஏறவேண்டும் என்பதில்லை. பகலில் விமானப் பயணம் வாய்த்தால், சூரியனுக்கு எதிர்ப்பக்கச் சன்னலோரத்தில் அமருங்கள். கீழே மேகப்பரப்பில் விமானத்தின் நிழல் விழும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

வில்சனுக்கு அதைப் பார்த்து வியந்ததோடு நிற்க முடியவில்லை. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ஆய்வுக்கூடத்தில் இந்த வளையங்களைத் தாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கு முதலில் மேகம் வேண்டும். 1895 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்ணாடிக் குழாய்களை ஊதி வளைக்க உட்கார்ந்தார்.

முகட்டின் மேல்

உச்சியிலிருந்து தென்கிழக்கே பெரும் கற்களின் மீது சுமார் முந்நூறு மீட்டர் இறங்கினால் முகடு தொடங்குகிறது. இருபுறமும் பள்ளம். பனியூழிக் காலத்தில் இரு பக்கங்களிலும் பனியாறுகள் மலையைக் கிண்ணம்போல் குடைந்தெடுத்தன; இரு கிண்ணங்களுக்கும் இடையே எஞ்சிய சுவர்தான் இம்முகடு. சில இடங்களில் கையூன்றித்தான் போகவேண்டும். உச்சிப் பகுதியின் பாறை கருமையான பழைய எரிமலைக் குழம்பு. முகட்டின் மறுகோடியில் சிவந்த கருங்கல். கார்ன் மோர் டியர்க் என்ற கேலிக் மொழிப் பெயருக்கே பெரிய சிவப்புக் கல்மேடு என்று பொருள்.

மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து ஈரக்காற்று வருவதைக் கவனியுங்கள். மலையில் மோதி மேலெழுகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. உச்சியில் கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று விரிகிறது. வெளியிலிருந்து வெப்பம் பெறாமல் விரியும் காற்று குளிரும். குளிர்ந்த காற்றில் ஆவி தெவிட்டி மேகமாகிறது. அப்படியானால் இந்த மலையே ஒரு முகில் கலம் அல்லவா? உருளைக்குள் பிஸ்டன் செய்வதை இங்கே மலைச்சரிவு செய்கிறது.

ஆனால் வெறும் குளிர்ச்சி போதாது. நீராவி படிந்து துளியாக ஒரு பிடிமானம் வேண்டும். காற்றிலுள்ள தூசுதான் அந்தப் பிடிமானம் என்று பிரான்சில் கூலியேயும் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கனும் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். தூசை வடிகட்டிவிட்டால் மேகம் தோன்றாது. இதுவரை எல்லாரும் ஏற்ற செய்தி. வில்சன் ஒரு படி மேலே போனார். தூசே இல்லாத காற்றை இன்னும் அதிகமாக, இன்னும் வேகமாக விரியச் செய்தால் என்ன ஆகும்? பருமன் ஒன்றேகால் மடங்காகும்வரை ஒன்றும் நிகழவில்லை. 1.25 மடங்கைத் தாண்டியதும், சில துளிகள் மழைபோல் விழுந்தன. ஒவ்வொரு முறையும் அதே எல்லையில், அதே அளவில்! 1.38 ஐத் தாண்டினால் அடர்ந்த மூடுபனி.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபது டிகிரியில் உள்ள காற்று வெப்பமாற்றமின்றி 1.25 மடங்கு விரிந்தால் வெப்பநிலை சுமார் இருபத்தைந்து டிகிரி இறங்கி மைனஸ் ஐந்துக்கு வந்துவிடும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஆவியைப்போல் நான்கு மடங்கு ஆவி அதில் இருக்கும். நான்கு மடங்கு மீறினால்தான் பற்றிக்கொள்கிற அந்தப் பிடிமானம் எது? தூசு அல்ல, தூசு எல்லாவற்றையும் முதலிலேயே நீக்கியாயிற்று. எத்தனை முறை விரித்தாலும் அது தீரவில்லை, மறுபடி மறுபடி பிறந்துகொண்டே இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள், அதாவது அயனிகள், என்று வில்சன் ஐயுற்றார்.

ஐயத்தைத் தீர்க்கும் வாய்ப்பு உடனே வந்தது. 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனின் கூடத்திலும் அக்கதிர்க் குழாய் தயாராகிவிட்டது. 1896 தொடக்கத்தில் வில்சன் அக்கதிர்களைத் தம் கலத்தின்மேல் செலுத்தினார். முன்பு சில துளிகள் மட்டுமே விழுந்த அதே 1.25 எல்லையில் இப்போது மூடுபனியே திரண்டு, கீழே படிய நிமிடக் கணக்கில் ஆயிற்று. கதிர்கள் காற்றை அயனிகளாக்குகின்றன. ஒவ்வொரு அயனியின்மேலும் ஒரு துளி. தனி அயனி ஒன்று முதன்முதலாக மனிதக் கண்ணுக்குத் தெரியும் உருவத்தை அணிந்தது அன்றுதான். வண்ண வளையங்களைத் தேடிப் போனவர் அவற்றை அத்தோடு விட்டுவிட்டார்.

இதன் பயன்கள் பல. துளிகள் விழும் வேகத்தைக் கொண்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைத் தாம்சன் மதிப்பிட்டார். மில்லிக்கனின் எண்ணெய்த் துளி ஆய்வுக்கு இந்த நீர்த்துளி ஆய்வே தாய். ஆயினும் படத்தில் நாம் வரையும் கலம் வர 1911 ஆம் ஆண்டு ஆயிற்று. நடுவில் பதினைந்து ஆண்டுகள்! அவசரமில்லாத மனிதர் வில்சன். கண்ணாடி வேலை முழுவதையும் தாமே செய்வார், உடைந்தால் மறுபடி தொடங்குவார். 1911 இல் ஆல்பா துகள்கள் சென்ற வழி நேரான வெள்ளைக் கோடுகளாகவும், எலெக்ட்ரான்கள் சென்ற வழி மெல்லிய நூலிழைகளாகவும் புகைப்படத்தில் விழுந்தன. ஒரு துகள் போய்விட்டது. அது போன பாதையில் அயனிகள், அயனிகளின்மேல் துளிகள். உயரே சென்ற ஜெட் விமானம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் பின்னே வெண்கோடு தெரிவதில்லையா, அதுபோல என்று மாணவர்களிடம் சொல்வேன். (அந்தக் கோடு அயனியால் வருவது அல்ல என்றும் உடனே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விடைத்தாளில் வந்துவிடும்.)

பின்பு நடந்தவை பாடநூலில் உள்ளன, விரைந்து நடப்போம். 1925 இல் பிளாக்கெட் சுமார் 23,000 படங்கள் எடுத்து, நான்கு லட்சம் தடங்களைப் பார்த்து, அவற்றில் எட்டே எட்டில் நைட்ரஜன் கரு ஆக்சிஜனாக மாறும் காட்சியைக் கண்டார். 1927 இல் வில்சனுக்கு நோபல் பரிசில் பாதி, மறுபாதி காம்ப்டனுக்கு. 1932 இல் ஆண்டர்சனின் கலத்தில் காந்தப்புலத்தால் தவறான பக்கம் வளைந்த ஒரு தடம் பாசிட்ரானைக் காட்டியது. 1936 இல் மியூவான். பென் நெவிஸ் நிலையத்தை மூட முடிவு செய்தவர்களின் கணக்கேட்டில் இவற்றில் எதுவும் வரவு வைக்கப்படவில்லை. நிலையம் மூடி ஏழு ஆண்டு கழித்தே அந்த முதல் படம் வந்தது.

தலைமயிர் நிமிர்ந்தபோது

முகடு முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. கார்ன் மோர் டியர்க் சிகரம், 1220 மீட்டர். நேர் எதிரே பென் நெவிஸின் வடக்கு முகம் கருஞ்சுவராக நிற்கிறது. குதிரைப் பாதையில் ஏறி அதிலேயே இறங்குபவர்கள் இக்காட்சியைக் காண்பதே இல்லை.

நிழல்முடியைக் கண்டு ஓராண்டு முடியுமுன், 1895 ஜூன் 26 ஆம் நாள், வில்சன் மறுபடி இம்மலைக்கு வந்திருந்தார். இந்தச் சிகரத்தில் நின்றுகொண்டிருந்தார். தொலைவில் எங்கோ மெல்லிய இடியோசை. திடீரென்று அவருடைய தலைமயிர் நிமிர்ந்து நின்றது! என்ன நிகழ்கிறது என்று நின்று ஆராயவில்லை. கற்சரிவின் வழியே பள்ளத்தை நோக்கி ஓடத் தொடங்கினார். பாதிச் சரிவில் இருக்கும்போது தலைக்கு மேலே மின்னல் வெட்டியது, இடி முழங்கியது.

ஓடியது அறிவுடைமை. மேலே மின்னூட்டம் மிக்க முகில் வந்து நிற்கும்போது, தரையில் அதற்கு எதிரான மின்னூட்டம் திரள்கிறது. கூர்மையான இடங்களில் மிகுதியாகத் திரள்கிறது. சிகரத்தில் நிற்கும் மனிதனைவிடக் கூர்மையான இடம் எது? மயிரிழைகள் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. திறந்த மேட்டு நிலத்தில் உங்களுக்கு அவ்வாறு நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாமல் தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடுங்கள்.

முகில் கலம் வில்சனுக்குப் புகழ் தந்தது. ஆனால் அவருடைய மனம் இறுதிவரை தங்கியிருந்தது இந்த இடியில்தான். மின்னலால் முகில் இழக்கும் மின்னூட்டத்தின் அளவைத் தரையிலிருந்தே அளந்தார். மேகமற்ற நல்ல நாளிலும் நம் தலைக்கு மேலே மீட்டருக்குச் சுமார் நூறு வோல்ட் வீதம் மின்புலம் இருக்கிறது. காற்று சிறிதளவு மின்சாரத்தைக் கடத்துவதால் பூமியின் மின்னூட்டம் கசிந்து தீர்ந்துவிடவேண்டும், தீரவில்லை. உலகெங்கும் எந்நேரமும் எங்கேனும் பெய்துகொண்டிருக்கும் இடிமழைகளே பூமியை மறுபடி மின்னேற்றும் மின்கலம் என்றார் வில்சன். கார்னகி என்ற ஆய்வுக் கப்பல் கடல்களில் சுற்றி அளந்தபோது, இந்த மின்புலம் உலகின் எப்பகுதியிலும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவது தெரிந்தது. வில்சனின் கருத்துக்கு அது வலுவூட்டியது.

இன்னொரு முன்கணிப்பு இதைவிட வியப்பானது. முகிலின் மின்புலம் உயரம் கூடக் கூட அதன் மும்மடியைப் பொறுத்துக் குறைகிறது. காற்றின் அடர்த்தியோ அதைவிட விரைவாகக் குறைந்து, எழுபது கிலோமீட்டரில் தரையில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அடர்த்தி குறைந்த காற்று எளிதில் மின்னிறக்கம் அடையும். ஆகவே ஏதோ ஓர் உயரத்தில், முகிலுக்கு மிக மேலே, வானத்தை நோக்கிய மின்னிறக்கம் நிகழவேண்டும் என்று 1920களின் நடுவில் வில்சன் எழுதினார். கண்டதாகச் சிலர் சொன்னார்கள், யாரும் நம்பவில்லை.

1956 இல், தம் 87 ஆம் வயதில், இடிமுகிலின் மின்சாரத்தைப் பற்றிய கடைசிக் கட்டுரையை ராயல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1959 நவம்பரில் மறைந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1989 இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் மங்கிய ஒளியிலும் படமெடுக்கும் காமிரா ஒன்றை இரவில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொலைதூர இடிமுகில் ஒன்றின் மேலே, மிக உயரத்தில், இரண்டு ஒளித்தூண்கள் ஒரு கணம் தோன்றி மறைந்தது ஒளிநாடாவில் பதிந்திருந்தது.

சிகரத்திலிருந்து வடக்கே இறங்கும் சரிவு நீளமானது. அடிவாரத்தில் ஓடையைக் கடந்து காட்டுப்பாதையைப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஜூன் மாதமானால் கவலை இல்லை. அந்த அட்சத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும்.